எண்ணெய்க்குப் போகிற பெயர்

எங்கள் செக்குக் கடைக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் சமையலுக்கு எண்ணெய் வாங்க வருகிறார்கள். மற்றவர்கள் தலையைக் காட்ட வருகிறார்கள். “கொத்துக் கொத்தா வருதுங்க்கா, நீங்களே பாருங்க” என்று குனிந்து வகிட்டைக் காட்டுவார்கள். உதிர்ந்த முடியைத் தாளில் மடித்துக் கைப்பையில் கொண்டுவந்து கல்லா மேல் வைப்பவர்களும் உண்டு. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களங்களுக்கும் பஞ்சமில்லை, தேங்காயெண்ணெய் ஆட்டுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. என் மாமனார் மரச்செக்கு எண்ணெயில் கரிசலாங்கண்ணியும் நெல்லிக்காயும் சேர்த்துத் தலைக்குத் தைலம் காய்ச்சத் தொடங்கியதால்தான் எங்கள் கடை தனித்துத் தெரிந்தது. அவருக்குப் பின் அடுப்படியும் கல்லாவும் என் பொறுப்புக்கு வந்தன.

அவர் அச்சடித்த லேபிளில் ‘தலைமுடித் தைலம்’ என்று மட்டும் இருந்தது. இன்றும் வாசகம் அப்படியேதான் இருக்கிறது. முடி வளரும், வழுக்கை மாறும், நரை கருக்கும் என்று அவரும் போடவில்லை, நானும் போடவில்லை. கடைத்தெருவில் உள்ள எல்லாக் குப்பியும் அந்த வாக்குறுதியைச் சுமந்துகொண்டிருக்கும்போது உங்கள் குப்பியில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். பதில் கொஞ்சம் நீளமானது.

தலையைக் காட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: “ஒரு மூணு மாசத்துக்கு முந்தி உடம்புக்கு ஏதாச்சும் வந்துச்சாங்க?” என்ன எண்ணெய், என்ன ஷாம்பூ என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கேட்டதும் பலர் விழிப்பார்கள். இன்று உதிர்கிற முடிக்கு இந்த வாரத்துக் காரணத்தைத் தேடுவதுதான் மனித வழக்கம். ஊர் மாறினேன், போர்த் தண்ணீர் உப்பு, புது ஷாம்பூ என்பார்கள். கொஞ்சம் யோசிக்க விட்டால் ஒவ்வொன்றாக வெளியே வரும். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிரசவமாகி நாலு மாதம் ஆனது. கர்ப்பப்பை ஆபரேஷன். வீட்டில் நேர்ந்த ஒரு சாவு. கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டுமென்று ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விட்டது.

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் தன்போக்கில் வளர்ந்து, நின்று, உதிர்ந்து, அதே வேர்க்குழியில் மறுபடி முளைக்கிறது. வளரும் பருவம் இரண்டிலிருந்து ஆறு ஆண்டுவரை நீளும். ஓய்வுப் பருவம் மூன்று மாத அளவு. சாதாரணமாகப் பத்தில் ஒன்பது பங்கு வளர்ச்சியிலும் ஒரு பங்கு ஓய்விலும் இருப்பதால், நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், பிரசவம், ரத்த இழப்பு, பட்டினி என்று உடம்பு குலுங்கும்போது வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. இரண்டு, மூன்று மாதம் கழித்து அவை எல்லாம் சேர்ந்து உதிர்கின்றன. தோல் மருத்துவர்கள் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். மூல காரணம் விலகிவிட்டிருந்தால், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும். வேர் சாகவில்லை, பழையது விழும்போதே அதே குழியில் அடுத்த முடி தயாராகிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கு எங்கள் விற்பனை நோட்டிலேயே தெரியும். 2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலை கொங்கு மாவட்டங்களைப் போட்டு உலுக்கியது. கோவையின் தினசரித் தொற்று சென்னையைத் தாண்டிய நாட்கள் அவை. அப்போது யாரும் முடியைப் பற்றி நினைக்கவில்லை. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். ஆடி பிறந்தது. தைல விற்பனை ஏறத் தொடங்கியது, புரட்டாசிவரை இறங்கவில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கதை. காய்ச்சல் விட்டது, மூச்சு சரியானது, இப்போது தலை வாரவே பயமாக இருக்கிறது. பொங்கல் நெருங்கும்போது அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். நெற்றியோரத்தில் விரலிடை நீளத்தில் புது முடி நின்றது. “உங்க எண்ணெயில நல்லா முளைச்சிருச்சுங்க்கா.”

அந்த நன்றியை அப்படியே வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டால் வியாபாரம் பெருகும். தலைமுடி எண்ணெய்த் தொழில் பெருமளவு இப்படித்தான் பெருகியிருக்கிறது. உதிர்தல் உச்சத்தில் இருக்கும்போது பயந்துபோய் ஒரு குப்பி வாங்குகிறோம். உதிர்தல் தானாக அடங்குகிற மாதங்களில் அதைத் தேய்க்கிறோம். உடம்பு வளர்க்கிறது, பெயர் எண்ணெய்க்குப் போகிறது. ஒன்றுமே தேய்க்காத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதே மாதத்தில் முடி திரும்பியிருக்கும். அதைச் சொல்ல அவள் எந்தக் கடைக்கும் வரப்போவதில்லை. எண்ணெய் தேய்த்தும் திரும்பாதவர்களும் வருவதில்லை; அவர்கள் அடுத்த எண்ணெயைத் தேடிப் போயிருப்பார்கள். ஆக, கல்லாவில் உட்கார்ந்திருக்கிற என் காதில் விழுவதெல்லாம் நல்ல சேதிதான். அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

இப்படிச் சொல்வதால் எண்ணெயை மட்டமாக நினைக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். இந்த வேலையை நான் விரும்பிச் செய்கிறேன். நல்ல கொப்பரையை எடுத்தால் ஓசையிலேயே தெரியும். ஈரம் போய்க் காய்ந்தது உடையும்போது ‘டக்’கென்று முறியும், ஈரம் நிற்பது வளையும். வெள்ளையாகத் தெரியவும் பூஞ்சை பிடிக்காமலிருக்கவும் சில களங்களில் கந்தகப் புகை போடுவார்கள். தலைக்கும் வாய்க்கும் போகிற எண்ணெய்க்கு அது வேண்டாமென்று, வெயிலில் மட்டும் காய்ந்ததைக் களத்திலேயே பார்த்து எடுக்கிறோம். வாகை மரச் செக்கில் மெதுவாக ஆட்டி, எண்ணெயைக் கசடு அடங்கும்வரை வெயிலில் வைத்துத் தெளிய விடுவோம்.

தைலம் காய்ச்சுவதில் சூட்சுமம் முழுக்க ஈரத்தில் இருக்கிறது. கரிசலாங்கண்ணிச் சாறு, நெல்லிக்காய்ச் சாறு, அரைத்த கறிவேப்பிலை எல்லாமே தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுதும் ஆவியாக வேண்டும். அதே நேரம் எண்ணெய் தீயக் கூடாது. ஆகவே சிறு தீ, இடைவிடாத கிளறல், பொறுமை. சாறு வற்ற வற்றச் சலசலப்பு குறையும், நுரை கட்டும். அடியில் திரள்கிற கற்கத்தைக் கரண்டியில் எடுத்துப் பதம் பார்ப்போம். மெழுகுப் பதம், கடுகுப் பதம், மணல் பதம் என்று சித்த மருத்துவத்தில் வகுத்திருக்கிறார்கள். கற்கத்தைத் திரியாக உருட்டி நெருப்பில் காட்டும்போது படபடவென்று வெடித்தால் ஈரம் இன்னும் நிற்கிறது, இறக்கக் கூடாது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்வார்.

கண்ணாடிக் குப்பிக்குள் பச்சை இலை, செம்பருத்திப் பூ, வெந்தயம் எல்லாம் மிதக்கிற எண்ணெய் இப்போது நிறைய விற்பனையாகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் காய்ச்சாத பச்சை இலை எண்ணெயில் கிடந்தால் அதன் ஈரம் எண்ணெயைக் கெடுக்கும், காறல் வாடை வரும், பூஞ்சை வரும். அதைத் தலைத்தோலில் தேய்க்கக் கொடுப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

சரி, இவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சிய எண்ணெய் என்னதான் செய்கிறது? இருக்கிற முடியைக் காப்பாற்றுகிறது. அது சிறிய வேலை அல்ல. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் இடுப்புவரை தொங்குகிற கூந்தலின் நுனி ஐந்து, ஆறு வயதுடையது. அத்தனை வருட வெயில், சீப்பு, ரிப்பன், தலைக்குளியல் எல்லாம் பட்ட பகுதி அது. தண்ணீரில் நனையும்போது முடி ஊறிப் பருக்கிறது, காயும்போது சுருங்குகிறது. இது திரும்பத் திரும்ப நடக்கும்போது மேற்செதில்கள் பிய்ந்து உள்ளிருக்கும் புரதம் வெளியேறுகிறது. 2003-இல் ‘ஜர்னல் ஆஃப் காஸ்மெட்டிக் சயன்ஸ்’ இதழில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. முடியின் புரத இழப்பைக் கண்கூடாகக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடித் தண்டுக்குள் இறங்குகிறது. மினரல் ஆயில் மேலேயே நின்றுவிடுகிறது.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அதைச் செய்தது மும்பையில் தேங்காயெண்ணெய் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடம். விற்பவர்களே சொந்தச் செலவில் சோதித்தபோதும் அளந்தது சேதத்தைத்தான். முடி வளர்கிறது என்று அவர்களும் அதில் சொல்லவில்லை. முடித் தண்டு உயிரற்றது. உயிர் வேர்க்குழியில் இருக்கிறது. தண்டில் படுகிற எண்ணெய் தண்டைத்தான் காக்க முடியும். எண்ணெய் வைக்கிற பெண்ணின் பின்னல் நீளமாக இருக்கக் காரணம், வளர்ந்ததில் உடைந்துபோனது குறைவு என்பதே.

அதனால் தேய்க்கும் முறையைத்தான் நான் அதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். குளிப்பதற்கு முன் வையுங்கள், குளித்த பின் அல்ல. தண்ணீர் முடிக்குள் ஏறுவதை அது குறைக்கும். நடு முடியிலிருந்து நுனிவரை நன்றாகத் தடவுங்கள். தலைத்தோலைச் சுரண்டாதீர்கள். அரப்போ சீயக்காயோ மென்மையான ஷாம்பூவோ எதுவானாலும் சரி, ஈர முடியை இழுத்து வாராதீர்கள். போர்த் தண்ணீரின் உப்பு முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கலாக்கும், சிக்கெடுக்கும்போது உடையவைக்கும். ஆக எண்ணெயின் தேவை எங்கள் வறண்ட பக்கத்தில் இன்னும் கூடுதல். உடைந்த முடியையும் வேரோடு வந்த முடியையும் பிரித்துப் பார்க்கவும் சொல்லித் தருகிறேன். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது ஓய்வு முடிந்து தானாக உதிர்ந்தது. இரண்டு முனையிலும் குமிழ் இல்லை, நீளமும் குறைவு என்றால் நடுவில் முறிந்தது. முதலாவதற்கு உடம்பைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு எண்ணெயும் சீப்பும் போதும்.

பொடுகு இருக்கிறவர்களுக்குத் தைலம் தர மாட்டேன். தலை வறண்டு போய்ப் பொடுகு வருகிறது, எண்ணெய் வைத்தால் போய்விடும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. தலைத்தோலில் வாழ்கிற மலசீசியா என்ற ஈஸ்ட் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களைத் தின்றே பெருகுகிறது. அரிப்பும் செதிலும் உள்ள தலையில் எண்ணெய் தேய்த்து இரவெல்லாம் விட்டால் அதற்கு விருந்து வைத்ததாகும். முதலில் மருந்துக்கடை கீட்டோகோனசோல் ஷாம்பூவை மருத்துவரிடம் கேட்டுப் போட்டு அடக்கிவிட்டு, பிறகு முடியின் நீளத்துக்கு மட்டும் எண்ணெய் வையுங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன்.

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புது மூலிகை பேர் வாங்கும். இப்போது ரோஸ்மேரி. நீலகிரி மலையில் விளைகிறது; நல்ல வாசனை. கல்லூரிப் பெண்கள் கைப்பேசியைக் காட்டி “இது போட்டுத் தர முடியுமாங்க?” என்பார்கள். அதற்குப் பின்னால் உண்மையாகவே ஓர் ஆய்வு இருக்கிறது. 2015-இல் ஈரானில் பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு ரோஸ்மேரி எண்ணெயும் மற்றவர்களுக்கு மினாக்ஸிடில் என்ற வழுக்கை மருந்தை 2 சதவீத அளவிலும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் எதிலும் மாற்றமில்லை, ஆறு மாதத்தில் இரு பக்கமும் முடி எண்ணிக்கை கூடியிருந்தது. நல்ல சேதிதான். ஆனால் ஒன்றுமே தேய்க்காத மூன்றாவது குழு அதில் இல்லை. ஒப்பிட்ட மினாக்ஸிடிலும் 5 சதவீதத்தைவிட வலுக்குறைந்த அளவு. ஒரே ஆய்வை வைத்து ஒரு குப்பிக்கு நானூறு ஐந்நூறு வாங்க என் மனம் ஒப்பவில்லை. அந்தப் பெண்களுக்கு அதை இப்படியே சொல்கிறேன். வாசனைக்காக வேண்டுமானால் காய்ச்சித் தருகிறேன்.

வெங்காயக் கதையும் அப்படித்தான். புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். 2002-இல் ஈராக்கில் வெங்காயச் சாற்றைப் புழுவெட்டில் தேய்த்துப் பார்த்த ஆய்வில், தேய்த்த 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. சிறிய ஆய்வு, புழுவெட்டோ பலருக்குத் தானாகவே ஆறக்கூடியது. உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் வேரையே தாக்குவதால் வருகிற நோய் அது. அதற்குச் சொன்னதை எடுத்து எல்லா முடி உதிர்தலுக்கும் என்று எண்ணெயாக்கி விற்கிறார்கள். வழுக்கைக்கும் பிரசவ உதிர்தலுக்கும் அந்த ஆய்வுக்கும் தொடர்பே இல்லை.

விளக்கெண்ணெய் புருவத்துக்கும் கூந்தலுக்கும் அடர்த்தி தரும் என்பார்கள். பிசுபிசுப்பு அதிகமானதால் முடியிழைகள் ஒட்டிக்கொண்டு தடித்துத் தெரியும், அவ்வளவே. நீளக் கூந்தலில் அள்ளிப் பூசினால் ஆபத்து உண்டு. 2017-இல் மருத்துவ இதழொன்றில் பதிவான ஓர் இந்தியப் பெண்ணின் கூந்தல், விளக்கெண்ணெய் பூசிக் குளித்த பின் பிரிக்கவே முடியாத கட்டியாகச் சிக்குண்டு, கடைசியில் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

என் கரிசலாங்கண்ணியையும் விட்டுவைக்கக் கூடாது. எலிகளின் முதுகில் தடவி முடி வளர்ச்சியைப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. எலியின் முடி அலை அலையாகச் சேர்ந்து வளர்வது; மனிதத் தலையில் ஒவ்வொரு முடியும் தனித்தனிக் கணக்கு. எலியின் முதுகிலிருந்து வாடிக்கையாளரின் உச்சந்தலைக்குத் தாவ முடியாது.

இதையெல்லாம் விட எனக்கு வேதனை தருவது வேறு. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் நூற்பாலைகளுக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் நிறைய. காலை ஷிப்ட்டுக்கு ஓடும்போது டீயும் பன்னும். மதியம் சோறு கூட, குழம்பு கம்மி. சாப்பிட்ட கையோடு மறுபடி டீ. முகம் வெளுத்து, கண்ணின் கீழ் இமை வெளிறி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண் “முடிக்கு எண்ணெய் குடுங்க்கா” என்று நிற்பாள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வேர்க்குழியின் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகுபவற்றைச் சேர்ந்தவை. சத்துக் குறைந்தால் உடம்பு இதயத்தையும் மூளையையும் காப்பாற்றப் பார்க்கும். முடி கடைசியில் நிற்கும்.

“அம்முணி, முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வா” என்பேன். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, சேமிப்பிலிருக்கும் இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்சும் பார்க்கச் சொல்கிறேன். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடக்கலாம். மாதப்போக்கு அதிகமென்றால் அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் கீரை தின்று பயனில்லை. முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, எள், கொள்ளு, ஆட்டு ஈரல் எல்லாமே நல்லவை. கீரை, தானியத்தின் இரும்பு உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கிற டீயும் காபியும் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். நெல்லிக்காயைத் தைலத்தில் காய்ச்சித் தலையில் தேய்ப்பதைவிடச் சோற்றோடு தின்பது முடிக்கு அதிகம் உதவும் என்று, நெல்லிக்காய்த் தைலம் விற்கிற நானே சொல்கிறேன்.

பள்ளிக்கூடங்களில் வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பிள்ளைகள் அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகிறார்கள். அதே பிள்ளைக்கு அம்மா கடன் சொல்லித் தைலம் வாங்கிப் போகிறாள். வயிறு நிறையச் சாப்பிட்ட பின் போட்டால் பிரட்டல் குறையும், கறுப்பு நிறம் இரும்பால் வருவது, பயமில்லை என்று யாராவது அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து சொன்னால் போதும். நான் சொல்லிப் பார்க்கிறேன்.

பயோட்டின் மிட்டாய்களும் அதிகமாகப் புழங்குகின்றன. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குத் தேவை 30 மைக்ரோகிராம். முட்டை, கடலை, பருப்பிலிருந்தே வந்துவிடும். மிட்டாயில் 5,000, 10,000 மைக்ரோகிராம் போடுகிறார்கள். குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளர்வதாக நிரூபணமில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளை அது தவறாகக் காட்டச் செய்யும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையைக் கூட, என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் பயோட்டின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் முடியை உதிரவே வைக்கும்.

லேபிளுக்கு வருகிறேன். வடிவமைத்துத் தர வந்த ஒரு பையன் முழங்கால்வரை கூந்தல் தொங்கும் படத்தைப் போட்டு ‘30 நாளில் பலன்’ என்று எழுதிக் கொண்டுவந்தான். முப்பது நாளில் எந்தத் தலையிலும் முடி 1 சென்டிமீட்டர்தான் வளரும், எண்ணெய் வைத்தாலும் வைக்காவிட்டாலும். முழங்கால் நீளம் வேண்டுமானால் வளரும் பருவம் வழக்கத்தைவிடப் பல வருடம் கூடுதலாக நீள வேண்டும். அது பிறவியில் வருவது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ‘ஜே’ அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்த மருந்தும் குணமாக்குவதாக உரிமை கோரக் கூடாதவற்றின் பட்டியல் அது. வழுக்கை, இளநரை, முடியின் நிறத்தை மாற்றுவது, புது முடி வளர்ப்பது எல்லாம் புற்றுநோயோடும் எய்ட்ஸோடும் அதே பட்டியலில் இருக்கின்றன. அமெரிக்காவிலும் 1989-இல் ஜோஜோபா எண்ணெய், கோதுமை முளை எண்ணெய், பயோட்டின் என்று பலவற்றை வரிசையிட்டு, முடி வளர்க்கும் என்று சொல்லி விற்கத் தடை செய்தார்கள். பையனிடம் அட்டவணையைக் காட்டினேன். படத்தை எடுத்துவிட்டு, கரிசலாங்கண்ணிச் செடியை அழகாக வரைந்து கொடுத்தான்.

எங்கள் தொழிலில் லேபிளுக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. ஒரே எண்ணெய், சமையலுக்கு என்றால் 5 சதவீதம் வரி, தலைக்கு என்றால் 18 சதவீதம். சின்னக் குப்பியில் அடைத்த தேங்காயெண்ணெய் சமையல் எண்ணெயா, தலை எண்ணெயா என்ற வழக்கு பல வருடம் நடந்து, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அளவு சிறியது என்பதற்காக மட்டும் அதைத் தலை எண்ணெயாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய்க்கும் 5 சதவீதமாகிவிட்டதால் அந்தத் தலைவலி விட்டது.

கடைசியாகச் சொல்ல வேண்டியது ஆண்களைப் பற்றி. இருபத்தைந்து வயதில் நெற்றி ஏறத் தொடங்கிய பையன்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் சமயத்தில் வருவார்கள். கூடவே அம்மாவும் வருவார். “எவ்வளவு ஆனாலும் பரவாயில்லைங்க, நல்ல தைலமாக் குடுங்க.” பரம்பரை வழுக்கையில் வேர்க்குழி ஆண்ட்ரோஜன் ஹார்மோனால் மெல்ல மெல்லச் சுருங்குகிறது, முடி மெலிந்து, பூனைமயிராகி, பிறகு அதுவும் நிற்கிறது. அதைத் தடுக்க நிரூபணமான மருந்துகள் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையாக வந்து, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி முளைத்ததால் தலைக்குத் திரும்பிய மினாக்ஸிடிலுக்கு 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டெரைடு மாத்திரைக்கு 1997-இல். இரண்டையும் மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். பக்க விளைவு உண்டு, கர்ப்பமாகக் கூடிய பெண்களுக்கு ஃபினாஸ்டெரைடு ஆகாது, நிறுத்தினால் கிடைத்த பலனும் சில மாதங்களில் போய்விடும். ஆனால் வேர் உயிரோடிருக்கும்வரைதான் இவை வேலை செய்யும். ஆகவே எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கிற வருடங்களில் போவது பணம் மட்டுமில்லை, திரும்பப் பெற முடியாத வேர்களும்தான். முடி வளர்க்கும் என்கிற பொய்யான லேபிள் செய்கிற உண்மையான கேடு இதுவே.

இன்னும் அவசரமான சிலர் உண்டு. உதிர்ந்த இடம் பளபளவென்று மின்னுகிறது, முடிக் கண்கள் தெரியவில்லை, எரிச்சல், வலி, செதில், சீழ் என்றால் அது வேரைத் தழும்பாக்குகிற நோயாக இருக்கலாம். வாரக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்கும், சின்னக் குழந்தைகளின் தலையில் வட்டமாக முடி கொட்டியிருந்தாலும், நான் தைலம் விற்பதில்லை. குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் படர்தாமரை. மாத்திரை வேண்டும், எண்ணெயில் போகாது. பக்கத்தில் தோல் டாக்டர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் கோவை அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போகச் சொல்கிறேன். போகிற அன்று தலையில் எண்ணெய் வைக்காமல் போகச் சொல்கிறேன். டாக்டர் தோலைப் பார்க்க வேண்டும்.